நாற்பத்தைந்து நிமிடத் துரத்தல்

ஏப்ரல் 26, வெள்ளி

"டீச்சர், நம்ம பாடத்துல ஏன் யாருமே ஓட மாட்டேங்காவ?"

ஏழாம் வகுப்பு 'சி' பிரிவில், மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்று இப்படிக் கேட்டாள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்றைய பாடத்தில் ஒரு மன்னர் அமர்ந்தார், குளம் வெட்டினார், மரம் நட்டார், காலமானார். உண்மையிலேயே யாரும் ஓடவில்லை. நான் "உட்காரு" என்றேன். அந்தப் பதிலுக்கு இன்று நானே மதிப்பெண் போட்டால் பத்துக்கு ஒன்று போடுவேன்.

முப்பத்துநான்கு வருஷம் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்று நான்கு வருஷமாகிறது. சனிக்கிழமைகளில் எங்கள் தூத்துக்குடிக் கிளை நூலகத்தின் சிறுவர் பகுதியில் உட்கார்ந்து புத்தகங்களை அடுக்கித் தருகிறேன். போன மாதம் ஒன்றைக் கவனித்தேன். நீதிக்கதைப் புத்தகங்கள் அச்சடித்த அன்று இருந்த மாதிரியே இருக்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒற்றர்களாகி, சுவர் ஏறிக் குதித்து, கடத்தல்காரனைப் பிடிக்கிற கதைகளோ கந்தலாகிவிட்டன. தேதி முத்திரை குத்த இடமில்லாமல் இரண்டாவது தாள் ஒட்டியிருக்கிறது. நூலகர் கனிராஜ் சாக்கு ஊசியால் தைத்த தையல் புத்தகங்களின் முதுகெல்லாம் ஓடுகிறது.

ஒன்றைக் காய்கறிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காலை பத்து மணிக்குத் திறந்தேன். சோறு அடிப்பிடித்த வாசனை வந்தபோது கதாநாயகி கூரை மேல் இருந்தாள். பத்து நாளில் ஏழு புத்தகம். எட்டாவது கிடைக்கவில்லை. அதனால் நானே எழுத ஆரம்பித்துவிட்டேன்.

கதையின் பெயர் 'கலங்கரைப் பிரிவு'. கதாநாயகி வேம்பு, வயது பதினான்கு. பகலில் ஒன்பதாம் வகுப்பு மாணவி. மாலை நான்கு இருபதுக்குப் பிறகு, கலங்கரை விளக்கத்தின் அடித்தளத்தில் இயங்கும் ரகசியப் பிரிவின் ஒற்றர். நாளைக்கு முதல் அத்தியாயத்தை நூலகத்தில் வைக்கப்போகிறேன். என் பெயர் இருக்காது. இந்த ஊரில் என்னைக் கண்டால் நாற்பது வயது ஆளும் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்கிறான். ஜெயமணி டீச்சர் எழுதியது என்று தெரிந்தால் பிள்ளைகள் கதையைப் படிக்கமாட்டார்கள், மனப்பாடம் செய்வார்கள்.

என் கையெழுத்தைக் கரும்பலகையில் பார்த்தவர்கள் அதிகம் என்பதால், துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரர் செல்லத்துரை பிரதி எடுத்துத் தந்தார். "எனக்கு இந்த வயசுல கடத்தல் கேசா?" என்று கேட்டுக்கொண்டே எழுதினார். எட்டாம் பக்கத்தில் பேச்சு நின்றுவிட்டது. நூலகத்தில் வைக்க அவரே கடையில் ஒரு ஜெராக்ஸும் எடுத்துவந்தார்.

ஏப்ரல் 27, சனி

வைத்தேன்! பிடித்துவிட்டது!

திரும்பி வந்த புத்தகங்களின் குவியலுக்குள் பன்னிரண்டு பக்கத்தைச் செருகிவிட்டு, அட்டைகளை அடுக்குகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். கோடை விடுமுறையில் தவறாமல் வருகிறவர்கள் மூன்று பேர். ஆன்டோ, விசைப்படகு வைத்திருப்பவரின் மகன், பதின்மூன்று வயது, உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஷைனி, அதே வயது, எல்லாருக்காகவும் பேசுவாள். மகிஷா, பன்னிரண்டு வயது, தனக்காகக்கூடப் பேசமாட்டாள்.

ஆன்டோ கையில்தான் கிடைத்தது. முதல் பக்கத்தை நின்றுகொண்டு படித்தான். இரண்டாம் பக்கத்தில் உட்கார்ந்தான். ஷைனி அவன் தோளுக்கு மேலாகவும், மகிஷா ஷைனியின் கைக்கு அடியிலாகவும் படித்தார்கள்.

அத்தியாயத்தின் முடிவில் வேம்பு உப்புக் குடோனுக்குள் அடைபட்டிருக்கிறாள். கூரைத் துவாரத்தின் வழியாக உப்பு கொட்டுகிறது. முழங்கால் வரை வந்தது, இடுப்பு வரை வந்தது. 'வேம்புவின் பையில் மூன்றே மூன்று பொருள்கள் இருந்தன' என்று எழுதி நிறுத்தியிருந்தேன்.

"ஏலே, அடுத்த பக்கம் எங்க?" என்றாள் ஷைனி.

"இல்லட்டி. முடிஞ்சிருச்சு."

"ஏலே, நீதான ஒளிச்சு வச்சிருக்க? எடுல!"

"சத்தியமா இல்ல. வேணும்னா சட்டையைப் பாரு."

பிறகு ஒரு மணி நேரம் அந்த மூன்று பொருள்கள் என்னவாக இருக்கும் என்று சண்டை. பக்கத்து அறையில் அரசுத் தேர்வுக்குப் படிக்கிற இளைஞர் ஒருவர் "கொஞ்சம் அமைதியா இருங்கப்பா" என்று கண்டிக்க வந்தார். என்ன சண்டை என்று கேட்டார். தாளை வாங்கினார். கடைசி வரை படித்துவிட்டு, "ஸ்கேல் இருந்தா தப்பிச்சிரலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 30, செவ்வாய்

மோர் மிளகாய் காயப்போட்டேன். காகத்துக்குக் காவல் இருந்தபடியே இரண்டாம் அத்தியாயத்தை முடித்தேன்.

இந்தக் கதைகளில் பிள்ளைகளுக்கு என்னதான் கிடைக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எடுத்துக்காட்டாகப் பதின்மூன்று வயதை எடுத்துக்கொள்வோம். கல்யாண வீட்டில் பெரியவர்கள் பேசும் இடத்துக்குப் போனால் "சின்னப் பிள்ளைக்கு இங்க என்ன வேலை?" தண்ணீர்க் குடம் தூக்க வேண்டுமென்றால் "இவ்வளவு பெரிய பிள்ளைக்கு இது தெரியாதா?" ஒரே நாளில் இரண்டும். வீட்டில் தனக்கென்று ஓர் இழுப்பறைகூடக் கிடையாது. ஒற்றர் கதையில் அதே பிள்ளைக்கு ஒரு ரகசியம் கிடைக்கிறது. சின்ன உடம்பு என்பதால் ஜன்னல் கம்பிக்குள் நுழைய முடிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது சொல்வதை ஒரு தலைமை அதிகாரி முழுவதும் கேட்டுவிட்டு, "சரி, நீயே போ" என்கிறார்.

முப்பத்துநான்கு வருஷத்தில் "சரி, நீயே போ" என்று நான் சொன்னது தண்ணீர் குடிக்கப் போகக் கேட்டவர்களிடம் மட்டும்தான்.

மே 4, சனி

இரண்டாம் அத்தியாயத்தை வைத்தேன். இன்று எட்டுப் பிள்ளைகள்!

அதைவிடப் பெரிய செய்தி, எழுதுவது யார் என்று கண்டுபிடிக்க ஒரு 'துப்புப் படை' உருவாகியிருக்கிறது. தலைவர் ஷைனி. ஓட்டம், மரம் ஏறுதல் ஆன்டோ. கணக்கும் குறிப்பும் மகிஷா. வேம்புவின் மூன்று விதிகளே அவர்களுடைய விதிகள்: பார், குறித்து வை, வாயைத் திறக்காதே. மூன்றாவது விதியை ஷைனி நூலகம் முழுவதும் கேட்கும்படி அறிவித்தாள்.

பிறகு மூவரும் என் மேசைக்கு வந்தார்கள்.

"டீச்சர், தடயமெல்லாம் பத்திரமா வைக்க ஒரு ஆள் வேணும். நீங்க வச்சுக்கிடுதீங்களா?"

"நானா? ஏன்?"

"உங்களத்தான் யாரும் சந்தேகப்பட மாட்டாங்க" என்றான் ஆன்டோ.

பாராட்டா அவமானமா என்று தெரியவில்லை. ஒரு மிட்டாய் டப்பாவும் குறிப்பேடும் என்னிடம் ஒப்படைக்கப்பட்டன. என்னைப் பிடிப்பதற்கான தடயங்களுக்கு நானே காவல்! வீட்டுக்கு வரும் வழியில் தெருவில் தனியாகச் சிரித்தேன். எதிரே வந்த பால்காரர் சைக்கிளை ஓரமாக ஒதுக்கினார்.

மே 5, ஞாயிறு

ஆராதனைக்குப் போனோம். பிரசங்கத்தின் நடுவில் நான்காம் அத்தியாயத்தில் வேம்பு தப்பிக்கும் வழி கிடைத்தது. ஆண்டவர் மன்னிப்பாராக.

மே 11, சனி

நன்றாக விளையாடிவிட்டு வந்த மாதிரி இருக்கிறது.

மூன்றாம் அத்தியாயத்தை வைத்து ஒரு மணி நேரத்துக்குள் துப்புப் படை கூடியது. ஆன்டோ மூன்று அத்தியாயங்களையும் வெளிச்சத்தில் பிடித்து, எல்லாப் பக்கத்திலும் இடது ஓரமாக ஒரு மெல்லிய கோடு விழுந்திருப்பதைக் காட்டினான். ஒரே ஜெராக்ஸ் கடை. (அடுத்த வாரம் வீட்டுக்காரரை வேறு கடைக்கு அனுப்ப வேண்டும்.)

அப்போது மகிஷா வாயைத் திறந்தாள். நான் அவள் குரலைக் கேட்பதே முதல் முறை.

"எல்லாத் துரத்தலும் நாப்பத்தஞ்சு நிமிஷம்."

"என்னது?"

"முதல் அத்தியாயத்துல நாலு இருபதுக்குக் கிளம்பி அஞ்சு அஞ்சுக்குக் குடோன். ரெண்டாவதுல அஞ்சரைக்குத் தப்பிச்சு ஆறேகாலுக்குக் கலங்கரை விளக்கம். மூணாவதுல லாரியை விரட்டுதா. நாலரைக்கு ஆரம்பிச்சு அஞ்சேகாலுக்கு முடியுது. நாப்பத்தஞ்சு, நாப்பத்தஞ்சு, நாப்பத்தஞ்சு. ஒரு பீரியட்."

எனக்குத் தெரியவே தெரியாது! வாழ்நாள் முழுவதும் மணி அடித்து மணி அடித்து, என் உடம்புக்குள்ளேயே ஒரு பீரியட் ஓடிக்கொண்டிருக்கிறது போலும்.

"இன்னொண்ணு" என்றாள் மகிஷா. "உப்பளத்துலயிருந்து துறைமுக வாசலுக்கு ஒம்பது கிலோமீட்டர்னு கதையில இருக்கு. லாரி நாப்பத்தஞ்சு நிமிஷம் எடுத்தா மணிக்குப் பன்னெண்டு கிலோமீட்டர்."

ஆன்டோ விழுந்து விழுந்து சிரித்தான். "எங்க தாத்தா சைக்கிளே முந்திரும்! கடத்தல் லாரியா, கோயில் சப்பரமா?"

ஷைனியும் விடவில்லை. "வில்லன் கூட்டத்தைப் பாரு. அருள், கதிரவன், சங்கர், தனபால், அப்புறம் பொம்பளைங்க இந்திரா, கமலா. வில்லங்க எதுக்குட்டி ரிஜிஸ்டர் வரிசையில நிக்காவ?"

"எழுதுனது ஒரு டீச்சரோ, சாரோதான்" என்று மகிஷா முடித்தாள்.

மூன்று ஜோடிக் கண்கள் என் பக்கம் திரும்பின. "டீச்சர், உங்களுக்கு எல்லா வாத்தியாரையும் தெரியும்லா? யாரா இருக்கும்?"

அப்போது நான் செய்தது சரியில்லை. ஆனால் செய்யும்போது மிகவும் நன்றாக இருந்தது. "வாத்தியாராகத்தான் இருக்க வேண்டுமா? பிள்ளைகளோடும் புத்தகங்களோடும் பழகுகிற வேறு யாராகவும் இருக்கலாமே" என்று சொல்லிவிட்டு, பார்வையை மட்டும் மெதுவாகக் கனிராஜின் மேசைப் பக்கம் ஓடவிட்டேன்.

ஷைனி மூச்சை இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது.

மே 15, புதன்

கனிராஜை மார்க்கெட்டில் பார்த்தேன். "டீச்சர், எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. டீ குடிக்கப் போனா லைட் கம்பத்துக்குப் பின்னால ஒரு சடை தெரியுது. பஜ்ஜி வாங்குனா, கணக்கு நோட்டுல ஒரு பிள்ளை எழுதுது. நான் என்ன தப்பு டீச்சர் பண்ணினேன்?" என்றார்.

வெண்டைக்காய் முற்றலா இளசா என்று ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 18, சனி

நான்காம் அத்தியாயத்தை நேற்றுச் சாயங்காலமே வைத்துவிட்டேன். ஷைனி அதைக் கையோடு மகிஷாவிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அங்கேதான் வினை.

மகிஷா இன்று வரவில்லை. ஷைனியும் ஆன்டோவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஆன்டோ உட்கார்ந்திருந்தான் என்பதிலேயே புரிந்துவிட்டது.

மகிஷாவின் அம்மா நோட்டைப் பார்த்துவிட்டார். '11.10 வெளியே போனார். 11.25 பஜ்ஜியுடன் வந்தார். 1.05 கொட்டாவி.' கணக்குப் பயிற்சிப் புத்தகத்துக்கு அடியில் மூன்று அத்தியாயங்கள். எல்லாம் பறிமுதல். இனி நூலகம் கிடையாது, சனிக்கிழமையும் முழுநாள் டியூஷன்.

"அவ இல்லாம படை இல்ல டீச்சர்" என்றான் ஆன்டோ. "நான் ஓடுவேன், இவ கத்துவா. யோசிக்கது அவதான்."

ஷைனி மறுக்கவில்லை. அது அதைவிட மோசமாக இருந்தது.

மே 19, ஞாயிறு

மகிஷாவின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. உமா. என் பழைய மாணவி. துறைமுகத்தில் ஏற்றுமதி இறக்குமதி ஏஜென்சி ஒன்றில் வேலை. கணவர் கப்பலில் சமையல் பிரிவு, வருஷத்தில் ஒன்பது மாதம் கடலில். எல்லாவற்றையும் தனியாகப் பார்த்துக்கொள்கிறவள்.

"டீச்சர்! வாங்க, உள்ள வாங்க. ஃபேனுக்குக் கீழ உக்காருங்க."

மகிஷா உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நான் மெதுவாகப் பேச்சை எடுத்தேன்.

உமா குரலைத் தாழ்த்தினாள். "போன பரீட்சையில கணக்குல அறுபத்தொண்ணு டீச்சர். அது போகட்டும். ஒரு ஆம்பளை பின்னால போயி நேரம் எழுதிட்டு வந்திருக்கா. எவனோ ஒருத்தன் பேரில்லாம எதையோ எழுதி வைக்கான், இதுக அதைப் படிச்சுட்டு ரோட்டுல அலையுதுக. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவ அப்பாக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"படிக்கிற பிள்ளை உமா..."

"நீங்கதான டீச்சர் சொன்னீங்க? ஒம்பதாம் வகுப்புல. என் பையிலயிருந்து எடுத்து, எல்லாப் பிள்ளைக முன்னாலயும் தூக்கிக் காட்டி, 'கதைப் புத்தகம் பிடிச்ச கையில கணக்கு நிக்காது'ன்னு. அன்னையிலயிருந்து நான் ஒரு கதைப் புத்தகம் தொட்டதில்ல. அதனாலதான் இந்த வேலையிலயாவது இருக்கேன்."

அவள் நன்றியோடுதான் சொன்னாள்.

எனக்கு அந்த நாள் நினைவில் இல்லை. காபி கொடுத்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. திரும்பும்போது நல்ல வெயில்.

மே 20, திங்கள்

எலுமிச்சை ஊறுகாய் போட்டேன். ஐந்தாம் அத்தியாயம் எழுதவில்லை.

மே 22, புதன்

இன்றும் எழுதவில்லை. இவர் பிரதி எடுக்கப் பேனாவோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்ன ஜெயா, கடத்தல்காரனுக்கும் கோடை லீவா?"

விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அந்தப் பிள்ளையோட அம்மாட்ட, எழுதுனது நான்தான்னு சொல்லிர வேண்டியதுதான?"

"சொன்னா ஊரெல்லாம் தெரிஞ்சிரும். பிள்ளைகளுக்கு விளையாட்டு முடிஞ்சிரும்லா?"

"பிள்ளைகளுக்கா, உனக்கா?"

ரசம் கொதித்துவிட்டதா என்று பார்க்கப் போனேன். ரசத்தை இறக்கிவைத்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

மே 25, சனி

புதிய அத்தியாயம் இல்லை. ஒன்பது பிள்ளைகள் வந்து குவியலைக் கலைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஷைனியும் ஆன்டோவும் என்னிடம் ஒரு திட்டத்தோடு வந்தார்கள். மகிஷாவுக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். பன் பாக்கெட்டின் அடியில் தாளை மடித்து வைத்து, டியூஷன் வாசலில் கொடுத்துவிடுவது. வீட்டில் கேட்டால் பன் சாப்பிட்டேன் என்று சொல்லிவிடலாம். அடுத்த சனிக்கிழமை டியூஷனுக்கு என்று கிளம்பி இங்கே வந்துவிட வேண்டும்.

"கூடாது" என்றேன். "அம்மாவை ஏமாற்றுவது ஒற்றர் வேலை இல்லை. வேம்பு அப்படிச் செய்வாளா?"

ஷைனி என்னை நேராகப் பார்த்தாள். "செஞ்சாளே டீச்சர்! ரெண்டாம் அத்தியாயம், ஏழாம் பக்கம். டியூஷன்னு சொல்லிட்டுக் கலங்கரை விளக்கத்துக்குப் போனாள்லா? பன் பாக்கெட்டும் அதுலதான் இருக்கு."

இருக்கிறது. நான்தான் எழுதினேன். எழுதும்போது மிளகாய்க்குக் காவல் இருந்தபடி சிரித்துக்கொண்டே எழுதினேன்.

"ஒரு நாள் பொறுங்கள்" என்றேன். "ஒரே ஒரு நாள்."

"ஏன் டீச்சர்?"

"பெரியவர் ஒருவர் செய்ய வேண்டிய வேலை பாக்கி இருக்கிறது."

மே 26, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் நேராக உமா வீட்டுக்கு. மகிஷா அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். உமா உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை. பழக்கம், முக்கியமானதை நின்றுகொண்டுதான் சொல்ல வரும்.

"உமா, அந்தக் கதையை எழுதுகிறது எவனோ ஒருத்தன் இல்லை. நான்."

அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"கனிராஜ் பின்னால் பிள்ளைகள் போனதற்கும் நான்தான் காரணம். அவர்கள் என்னை நெருங்கிவிட்டார்கள். தப்பிப்பதற்காக நான் அந்தப் பக்கம் கண்ணைக் காட்டினேன். மகிஷா மேல் தப்பில்லை."

"அப்போ என் பிள்ளையை ரோட்டுல அலைய விட்டது நீங்களா டீச்சர்?"

"ஆமாம்."

"நீங்களா?" அவள் குரல் உயர்ந்தது. "எனக்கு அப்படிச் சொல்லிக் குடுத்துட்டு, என் பிள்ளைக்கு இப்படியா?"

"நான் அன்றைக்குச் சொன்னது தப்பு உமா. சொன்னது எனக்கு நினைவில்கூட இல்லை."

"நீங்க மறந்துட்டீங்க. நான் மறக்கல டீச்சர்."

ஒரு நாற்பத்தைந்து நிமிட வகுப்புக்குள் ஒரு வாக்கியத்தைச் சொல்லி நான் மறந்திருக்கிறேன். அதை இவள் இருபத்தைந்து வருஷம் சுமந்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்டேன். மகிஷாவின் நோட்டை ஒரு முறை திறந்து பார்க்கச் சொன்னேன், கனிராஜின் பஜ்ஜிப் பக்கத்தை அல்ல, அதற்கு முந்தைய பக்கங்களை.

நோட்டு உமாவின் அலுவலகப் பையில் இருந்தது. திறந்தாள். ஒன்பது கிலோமீட்டர், முக்கால் மணி, வேகம் பன்னிரண்டு. கூடவே, உண்மையில் லாரி நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் பதின்மூன்றரை நிமிடம்தான் ஆகும், அதற்குள் வேம்பு எங்கே குறுக்கே வந்து மறிக்க முடியும் என்று உப்பளப் பாதைகளின் வரைபடம். அளவுகோலுடன். நான் இத்தனை வருஷம் நடத்திய எந்த வகுப்பிலும் யாரும் கேட்காமலே அளவுகோல் போட்டு வரைபடம் வரைந்ததில்லை.

உமா வெகுநேரம் அதையே பார்த்தாள். "இது இவளாவே போட்டதா?"

"லாரியை அவ்வளவு மெதுவாக ஓட்டிய முட்டாள் நான். திருத்தியது உன் மகள்."

அவள் நோட்டைத் திரும்பப் பைக்குள் வைக்கும்போது, உள்ளே தாள்கள் தெரிந்தன. என் அத்தியாயங்கள்! பறிமுதல் ஆனவை. நான்காம் அத்தியாயத்தின் நடுவில் பஸ் டிக்கெட் ஒன்று செருகியிருந்தது.

நான் பார்த்ததை உமா பார்த்துவிட்டாள். முகம் சிவந்தது. ஒன்பதாம் வகுப்பு உமா அப்படியே என் முன்னால் நின்றாள்.

"என்னதான் இருக்குன்னு பாக்கலாம்னு எடுத்தேன் டீச்சர். பஸ்ஸுல." பிறகு வேகமாக வந்தது: "ரெண்டாவது அத்தியாயம் அந்தப் பையன் ஆன்டோகிட்ட மாட்டிக்கிட்டு. உப்பு இடுப்பு வரைக்கும் வந்தாச்சு, மூணு பொருள்னு போட்டு நிறுத்திட்டீங்க. மூணாவதுல அவ பாட்டுக்கு லாரியை விரட்டுதா. நடுவுல எப்படி வெளிய வந்தா? ஒரு வாரமா ஆபீஸ்ல தப்புத் தப்பா பில் போடுதேன்."

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது! "அது ஒன்றுமில்லை உமா, அவள் பையில் இருந்தது..."

"சொல்லாதீங்க!" இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "சொல்லாதீங்க டீச்சர், நான் படிச்சுக்கிடுதேன்!"

மகிஷாவை விடுவதற்கு ஒரே நிபந்தனை வைத்தாள். எந்த மனிதர் பின்னாலும் பிள்ளைகள் போகக்கூடாது. ஐந்தாம் அத்தியாயத்தில் தலைமை அதிகாரி வாயாலேயே சொல்ல வைக்கிறேன் என்றேன். என் பெயரை வெளியே சொல்வாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கில்லை.

மே 27, திங்கள்

ஐந்தாம் அத்தியாயம். காலை ஆறரைக்கு ஆரம்பித்தேன், பதினொன்றுக்கு முடித்தேன். லாரி மணிக்கு நாற்பது கிலோமீட்டர். வேம்பு தன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். சொன்ன பிறகு ஆபத்து இரண்டு மடங்காகிறது, ஏனென்றால் அம்மாவும் கூட வருவேன் என்கிறாள். பேனா ஓடுகிற ஓட்டத்தில் இவருக்குப் பிரதி எடுக்க முடியவில்லை.

கனிராஜிடம் மன்னிப்புக் கேட்டேன், காரணத்தையும் சொன்னேன். "அப்போ என்னை ஒரு வாரமா எழுத்தாளர்னு நினைச்சிருக்காங்களா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, தலையை வாரிக்கொண்டார்.

ஜூன் 1, சனி

பத்து மணிக்கு நூலகத்து வாசலில் உமா வந்து நின்றாள். பக்கத்தில் மகிஷா. ஆன்டோ படியில் மூன்று மூன்றாக இறங்கி ஓடினான். ஷைனி மகிஷாவைக் கட்டிப்பிடித்துவிட்டு உடனே திட்டினாள். "எங்கட்டி போன? நீ இல்லாம இவன் நாலு பேரைத் தப்பா சொல்லிட்டான்!"

உமா போகவில்லை. சிறுவர் பகுதியின் குட்டிப் பெஞ்சில், முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்து, ஆன்டோவிடம் இரண்டாம் அத்தியாயத்தை வாங்கினாள். அவள் படிக்கிறதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாம் பக்கத்தில் சத்தமாகச் சிரித்தாள். பக்கத்து அறையிலிருந்து தேர்வுக்குப் படிக்கிறவர் எட்டிப் பார்த்து, "ஸ்கேல்தான?" என்றார்.

படித்து முடித்தபோது துப்புப் படை அவளைச் சூழ்ந்துவிட்டது. ஷைனிதான் ஆரம்பித்தாள்.

"ஆன்ட்டி, திடீர்னு மகிஷாவை விட்டுட்டீங்க. ஏன்?"

"மனசு மாறிட்டு."

"சும்மா மாறாது. யாரோ வந்து பேசியிருக்காவ. எழுதுறது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

நான் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரே அட்டையைத் திரும்பத் திரும்ப. உமா சொல்லலாம். அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு. நிறைந்த வகுப்பில் நான் அவள் புத்தகத்தைத் தூக்கிக் காட்டியவள்.

உமா பெஞ்சிலிருந்து நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை.

"தெரியும்" என்றாள். "சொல்ல மாட்டேன். கண்டுபிடிங்க பாப்போம்."

அறையே கூவியது! சாட்சி கிடைத்துவிட்டது! ஆன்டோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உமாவை அதில் உட்காரவைத்தான். பன்னிரண்டு பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். ஆணா, பெண்ணா? கண்ணாடி உண்டா? சைக்கிளா, ஸ்கூட்டரா? உமா ஒரு கேள்விக்கு உண்மையும் ஒரு கேள்விக்குப் பொய்யும் சொன்னாள், முகத்தில் ஒரு கோடுகூட மாறாமல். அவ்வளவு நல்ல ஒற்றரை நான் என் கதையில்கூட எழுதியதில்லை.

மகிஷா மட்டும் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஐந்தாம் அத்தியாயத்தை வாசித்து முடித்துவிட்டு என் மேசைப் பக்கம் வந்து நின்றாள்.

"டீச்சர், லாரி இப்போ சரியான வேகத்துல போகுது."

"அப்படியா? நல்லது."

"பதிமூணரை நிமிஷம். நான் என் நோட்டுல மட்டும்தான் போட்டிருந்தேன். யார்கிட்டயும் காட்டல."

நான் மிட்டாய் டப்பாவை மூடினேன். திறந்தேன். மறுபடியும் மூடினேன்.

"இதையும் தடயமாகக் குறிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

மகிஷா கொஞ்சம் யோசித்தாள். அம்மாவைச் சுற்றி நடக்கிற அமளியைத் திரும்பிப் பார்த்தாள். "வேண்டாம் டீச்சர்" என்றாள். "இப்பத்தான் நல்லா சூடு பிடிச்சிருக்கு."

சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய ஓடிவிட்டாள். ஓடித்தான் போனாள்.

ஜூன் 2, ஞாயிறு

ஆறாம் அத்தியாயம் பாதி முடிந்தது. இதில் துரத்தல் பத்தொன்பது நிமிடம்.

இந்தக் குறிப்பை என்றைக்காவது யாராவது படித்தால், அவர்களுக்கு ஒரே ஒரு வேலை தருகிறேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஓர் ஒற்றர் கதையை உரக்கப் படியுங்கள். கதவுக்கு வெளியே காலடிச் சத்தம் நிற்கிற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, "நீயா இருந்தா என்ன செய்வ?" என்று கேளுங்கள். பதில் முழுவதும் முடிகிறவரை வாயைத் திறக்காதீர்கள்.